சியோல்ல ஒரு சனிக்கிழமை: ஸ்டடி டிரிப் போற ஜூனியர்ஸ் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

போன வருஷம் எங்க காலேஜ்ல இருந்து 14 பேர் ரெண்டு வாரம் கொரியா போயிட்டு வந்தோம். தங்கினது சுவோன்ல, சியோலுக்கு தெக்க இருக்கிற ஊரு. லேப், லெக்சர், ஃபேக்டரி விசிட், ப்ரெசன்டேஷன்னு எல்லாம் போக முழுசா எங்க கையில குடுத்தது ஒரே ஒரு சனிக்கிழமைதான். இப்ப அடுத்த பேட்ச் கிளம்புது, ஆளாளுக்கு வாட்ஸப்ல தனித்தனியா அதே கேள்விய கேக்குறாங்க, எனக்கும் ஒரே பதில டைப் அடிச்சு விரல் வலிக்குது. அதனால மொத்தமா இங்க போட்டுட்டேன், இதுக்கு மேல கேட்டா இந்த லிங்கதான் அனுப்புவேன்.

அக்கா, ஒரே நாள்ல சியோல்ல எதெல்லாம் பாக்கலாம்? லிஸ்ட் குடுங்க.

லிஸ்ட் குடுத்தா டிக் அடிக்கவே ஓடுவீங்க, எனக்குத் தெரியும், நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். எங்க மொத பிளான்ல மூணு அரண்மனை, நாம்சான் டவர், லோட்டே டவர், மியோங்தோங் ஷாப்பிங், ராத்திரி ஹான் ஆத்தங்கரைன்னு எல்லாம் இருந்துச்சு. நல்லவேளை அதுல பாதிய அடிச்சுட்டோம்.

நாங்க போனது இதுதான்: காலைல கியோங்போக்குங் அரண்மனை, மத்தியானம் இன்சாதோங் பக்கம் சாப்பாடு, அப்புறம் பழைய வீடுங்க இருக்கிற புக்சோன் தெருக்கள், சாயங்காலம் குவாங்ஹ்வாமுன் சதுக்கம், அங்க இருந்து சோங்கேசோன் ஓடை ஓரமாவே நடந்து குவாங்ஜாங் மார்க்கெட், ராத்திரி ட்ரெயின். எல்லாமே நடக்குற தூரம், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு பஸ்ஸே தேவையில்ல. அரண்மனை ஒண்ணே போதும், நம்புங்க, ரெண்டாவது அரண்மனைல உங்க கண்ணு தூணப் பாக்காது, உக்கார பெஞ்ச் எங்கன்னுதான் தேடும்.

சனிக்கிழமைதான் போகணுமா? வேற நாள் கெடச்சா?

கெடச்சா போங்க, ஆனா செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம். கியோங்போக்குங் செவ்வாய் லீவு. பக்கத்துலயே இருக்கிற சாங்தோக்குங் அரண்மனை திங்கள் லீவு. எங்க ஒரிஜினல் ஷெட்யூல்ல செவ்வாய்க்கிழமைதான் போட்டிருந்தாங்க, ஒருத்தர் கூட கவனிக்கல, கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடி ஒருத்தி சும்மா ஃபோன நோண்டிட்டு இருக்கும்போது கண்ணுல பட்டுச்சு. அவளுக்கு அன்னைக்கு ஐஸ்க்ரீம் நாங்க வாங்கிக் குடுத்தோம்.

சுவோன்ல இருந்து எப்படி போறது? கார்டு வாங்கணுமாமே?

ஆமா, டி-மணி கார்டு, பஸ்ஸுக்கும் ட்ரெயினுக்கும் அதே கார்டுதான், எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயும் கிடைக்கும். ரீசார்ஜ் பண்ண பெரும்பாலும் கேஷ்தான், அதனால கொஞ்சம் வோன் (கொரியன் காசு) நோட்டு கையில வச்சுக்கோங்க. சுவோன்ல லைன் 1 ஏறி ஜோங்னோ 3-கா ஸ்டேஷன்ல இறங்கி லைன் 3 மாறினா ரெண்டாவது ஸ்டேஷன் கியோங்போக்குங், அஞ்சாவது எக்ஸிட்ல ஏறினா அரண்மனை வளாகத்துக்குள்ளயே வந்து நிப்பீங்க. ஒண்ணே கால் மணி நேரம், கொஞ்சம் மேலயும் ஆகலாம்.

முக்கியமா ஒண்ணு: பஸ்ல ஏறும்போது மட்டும் இல்ல, இறங்கும்போதும் கார்ட தட்டணும். தட்டினாத்தான் அரை மணி நேரத்துக்குள்ள ட்ரெயின் மாறும்போது திரும்ப முழு டிக்கெட் போடாது. நம்ம ஊரு பஸ் பழக்கத்துல எங்க பசங்க பாதி பேர் படிக்கட்டுல இருந்து குதிச்சு இறங்கிட்டானுங்க, காசு போச்சு. நடக்க வழி பாக்க நேவர் மேப் இல்லன்னா காக்கோ மேப் போட்டுக்கோங்க, கூகுள் மேப்ப நம்பி அங்க சந்துல நடக்க கிளம்பாதீங்க.

ஹன்போக் போட்டா அரண்மனைக்கு டிக்கெட் ஃப்ரீயா? பட்டுப்புடவை கட்டினா?

ஹன்போக், அதான் கொரியாவோட பாரம்பரிய டிரெஸ், போட்டா ஃப்ரீ, நெஜம்தான். மேல ஜோகோரின்னு சட்டை, கீழ பாவாடை மாதிரி வர்ற சிமா, ஆம்பளைங்களுக்கு பாஜின்னு பேன்ட், மேலயும் கீழயும் ரெண்டும் போட்டிருக்கணும். டிக்கெட்டே பெரியவங்களுக்கு 3,000 வோன்தான், ஹன்போக் வாடகை ரெண்டு மூணு மணி நேரத்துக்கு 15,000-ல இருந்து 30,000 வோன் வரைக்கும் போகும், அதனால காச மிச்சம் பண்றோம்னு கணக்கு போட்டு போடாதீங்க, ஆசைக்கு போடுங்க. கடைக்கார அம்மாவே ஜோகோரி முடிச்சு போட்டு விடுவாங்க, அந்த ரிப்பன் ஒரு பக்கம் மட்டும் காது மாதிரி நிக்கணும், நாமளே போட்டா ஷூ லேஸ் முடிச்சாத்தான் வரும். பாவாடைக்குள்ள இன்னொரு பாவாடை குடுப்பாங்க, குடை மாதிரி விரிஞ்சு நிக்கும், படி ஏறும்போது முன்னாடி தூக்கிப் பிடிச்சுக்கோங்க. உள்ள ஷூ போட்டுக்கலாம், யாருக்கும் தெரியாது.

பட்டுப்புடவைக்கு டிக்கெட் ஃப்ரீ கிடையாது. ஆனா எங்க கூட வந்த மேடம் காஞ்சிபுரம் கட்டிட்டு வந்தாங்க, மூணு கொரியன் பாட்டிங்க சுத்தி நின்னு முந்தானையத் தடவிப் பாத்துட்டுதான் விட்டாங்க.

அரண்மனைல எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதானே இருக்கு, என்னத்தப் பாக்குறது?

சும்மா சுத்தினா அப்படித்தான் தெரியும். கொஞ்சம் கதை தெரிஞ்சா வேற மாதிரி இருக்கும். இது 1395-ல ஜோசோன் வம்சம் கட்டின மொத அரண்மனை. 1592-ல ஜப்பான் படையெடுப்பு நேரத்துல எரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் 270 வருஷத்துக்கு மேல பாழாவே கெடந்துச்சு, 1860-கள்லதான் திரும்ப எழுப்பினாங்க. அப்புறம் ஜப்பான் ஆட்சில மறுபடியும் முக்காவாசிய இடிச்சுட்டு, ராஜாவோட தர்பார் மண்டபத்த மறைக்கிற மாதிரி முன்னாடியே அவங்களோட பெரிய ஆபீஸ் கட்டடத்தக் கட்டினாங்க, 1926-ல முடிச்சது. அத 1995-ல இடிக்க ஆரம்பிச்சாங்க. அதனால நீங்க பாக்குறதுல நெறைய புதுசாக் கட்டினது, இன்னும் கட்டிட்டுதான் இருக்காங்க. பழசு இல்லையேன்னு சில பேர் மூஞ்ச சுளிப்பாங்க, எனக்கு அதுதான் பிடிச்சது, இடிச்சவங்க இடிச்சிட்டே இருக்க இவங்க கட்டிட்டே இருக்காங்க.

குன்ஜோங்ஜோன்னு பெரிய தர்பார் மண்டபம் இருக்கும், எல்லாரும் நேரா உள்ள எட்டிப் பாக்க ஓடுவாங்க, நீங்க முத்தத்துலயே நின்னு கீழ பாருங்க. தரைல போட்ட கல்லெல்லாம் வேணும்னே சொரசொரப்பா விட்டிருப்பாங்க, வழவழன்னு இருந்தா வெயில் பட்டு கண்ணு கூசும்ல. நடுப்பாதைக்கு ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா கல்லு நட்டிருக்கும், பக்கத்துக்கு 12. எந்த ராங்க் அதிகாரி எங்க நிக்கணும்னு எழுதின கல்லு அது, கிழக்குல சிவில், மேற்குல மிலிட்டரி. நம்ம ப்ரேயர்ல ஹைட் வாரியா நிக்க வச்ச மாதிரி. தரைல இரும்பு வளையம் கூட இருக்கும், பந்தல் கட்டும்போது கயிறு மாட்ட.

இப்ப உங்க பர்ஸ்ல இருந்து 10,000 வோன் நோட்ட எடுங்க. சிம்மாசனத்துக்குப் பின்னாடி சூரியன், நிலா, அஞ்சு மலை வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கும், அதே படம் நோட்டுல செஜோங் ராஜாவுக்குப் பின்னாடியும் இருக்கும். நாங்க 14 பேரும் நோட்டத் தூக்கிப் பிடிச்சு ஒத்துப் பாத்துட்டு இருந்தோம், பக்கத்துல நின்ன ஒரு கொரியன் குட்டிப் பையன் அவங்க அப்பாகிட்ட நோட்டு கேட்டு அவனும் பாக்க ஆரம்பிச்சுட்டான்.

காவலாளி மாத்துற நிகழ்ச்சி காலைல 10 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் வாசல் பக்கம் நடக்கும், கலர் கலரா கொடி, பெரிய டிரம், ஒட்டுத் தாடி. பத்து மணிக்கே பாத்துட்டு உள்ள போங்க. ஏரிக்குள்ள 48 கல்தூண் மேல நிக்கிற கியோங்ஹோரு மண்டபம், ராணி இருந்த பகுதிக்குப் பின்னாடி செங்கல்ல பூ வேலை செஞ்ச புகைபோக்கிங்க, இந்த ரெண்டையும் விட்டுடாதீங்க. கடைசில வடக்கு மூலைல கோன்சோங்குங்னு அமைதியா ஒரு வீடு இருக்கும். கொரியாவுல மொத மொதல்ல கரண்ட் லைட் எரிஞ்சது அங்கதான், 1887. 1895-ல ராணி மியோங்சோங்க ஜப்பான்காரங்க கொன்னதும் அங்கதான். அந்தப் பக்கம் கூட்டமே இருக்காது.

கொரியன் ஒரு எழுத்து கூட தெரியாது, சமாளிக்க முடியுமா?

சமாளிக்கலாம், சைன் போர்டெல்லாம் இங்கிலீஷ்லயும் இருக்கு. ஆனா நான் சொல்ற ஒரே ஒரு ஹோம்வொர்க் இதுதான்: போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் சாயங்காலம் உக்காந்து ஹங்குல், அதான் கொரியன் எழுத்து, அத மட்டும் கத்துக்கோங்க. அர்த்தம் தெரிய வேணாம், வாசிச்சா போதும். பாதி போர்டுல இங்கிலீஷ் வார்த்தையத்தான் ஹங்குல்ல எழுதி வச்சிருப்பாங்க, காஃபி, ஐஸ்க்ரீம், டாக்ஸின்னு, எழுத்துக்கூட்டி வாசிச்சதும் அட இதுவான்னு தோணும், அந்த சந்தோஷமே தனி.

தமிழ் தெரிஞ்சவனுக்கு இது ரொம்ப சுலபம், சும்மா சொல்லல. மெய்யெழுத்து ஒண்ணு, உயிரெழுத்து ஒண்ணு, ரெண்டையும் ஒரே கட்டத்துக்குள்ள சேத்தா ஒரு உயிர்மெய். கடைசில புள்ளி வச்ச எழுத்து வந்தா அது அதே கட்டத்துக்கு அடில போய் உக்காந்துக்கும். அவ்ளோதான். இன்னொண்ணு, வேற ஊர்க்காரங்க எல்லாம் குழம்புற விஷயம் நமக்கு குழப்பமே இல்ல: அவங்களோட சாதாரண க, த, ப ஒவ்வொண்ணும் ஒரே எழுத்துதான், மொதல்ல வந்தா அழுத்தமா, நடுவுல வந்தா மெதுவா ஒலிக்கும். நாம 'தங்கை'ல வர்ற க-வ எப்படி சொல்றோம், 'கடை'ல வர்ற க-வ எப்படி சொல்றோம், எழுத்து ஒண்ணுதானே, அதே கதை. க்ளாஸ்ல இத சொல்லிக் குடுக்கும்போது கூட இருந்த ஐரோப்பா பசங்க மண்டைய சொறிஞ்சாங்க, நாங்க பாட்டுக்கு உக்காந்திருந்தோம்.

சாயங்காலம் குவாங்ஹ்வாமுன் சதுக்கத்துல தங்கக் கலர்ல உக்காந்திருப்பாரே செஜோங் ராஜா, இந்த எழுத்த 1443-ல உருவாக்கி 1446-ல வெளியிட்டது அவர்தான். அதுவரைக்கும் சீன எழுத்துதான், சாதாரண ஜனத்துக்கு எட்டல. அப்ப 28 எழுத்து, இப்ப 24. சிலைக்குப் பின்னாடியே கீழ இறங்கற வழி ஒண்ணு இருக்கு, உள்ள ஃப்ரீயா ஒரு மியூசியம், ஏசி வேற. எழுத்தோட வடிவம் எப்படி வந்துச்சுன்னு அங்க காட்டியிருப்பாங்க: ன சத்தத்துக்கு நாக்கு நுனி மேல் அண்ணத்தத் தொடுற வடிவம், ம-வுக்கு வாயோட வடிவம், ச-வுக்கு பல்லு. ஸ்கூல் இலக்கணத்துல எழுத்துகளின் பிறப்புன்னு ஒரு பாடம் வருமே, மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோமே, அத அப்படியே படமா வரைஞ்சா இதுதான். உயிரெழுத்துக்கு வானம், பூமி, மனுஷன்னு மூணே குறி, அதுல இருந்து மத்ததெல்லாம்.

தமிழும் கொரியனும் சொந்தம், ராணி ஒருத்தி நம்ம ஊர்ல இருந்து போனான்னு வீடியோ எல்லாம் வருதே?

இது வரும்னு எனக்குத் தெரியும். அப்பாவ அப்பான்னுதான் கூப்பிடுவாங்க, அம்மாவ ஓம்மா. வினைச்சொல் கடைசில வரும், நீ-நீங்க மாதிரி மரியாதைக்குத் தனி வடிவம் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் ரெண்டும் சொந்தம்னு புக்கே போட்டாரு. ஆனா மொழியியல்காரங்க ஏத்துக்கல, அப்பா அம்மா மாதிரி சொல்லு உலகத்துல பல மொழில எதேச்சையாவே ஒத்துப்போகும்.

ராணி கதை என்னன்னா, 13-ம் நூற்றாண்டுல இர்யோன்னு ஒரு புத்த பிக்கு எழுதினதுல, அயுதான்ற நாட்டுல இருந்து இளவரசி ஒருத்தி கி.பி. 48-ல கப்பல்ல வந்து கயா நாட்டு ராஜா சூரோவக் கட்டிக்கிட்டான்னு இருக்கு, பேரு ஹோ ஹ்வாங்-ஓக். புசானுக்குப் பக்கத்துல கிம்ஹேல சமாதி இருக்கு. அயுதான்னா அயோத்தின்னு சொல்லி அங்க நினைவிடமும் வச்சாச்சு, இல்ல கன்னியாகுமரி பக்கம்னு நம்மாளுங்க சொல்றாங்க. ரெண்டுக்கும் உறுதியான ஆதாரம் இல்ல. கொரியன் ஃப்ரெண்டுகிட்ட பேச்சு ஆரம்பிக்க நல்ல கதை, சண்டை போடத்தான் லாயக்கில்ல.

நான் ப்யூர் வெஜ். பட்டினியா அக்கா?

பட்டினி இல்ல, ஆனா உஷாரா இருக்கணும். கறி தெரியுற மாதிரி இருந்தா ஒதுக்கிடலாம், தெரியாத இடத்துலதான் இருக்கு. கிம்ச்சில பெரும்பாலும் மீன் சாஸோ உப்புல ஊறின இறாலோ போடுவாங்க, சூப்புக்கு தண்ணியே நெத்திலி போட்டு கொதிக்க வச்சதா இருக்கும், தொக்போக்கின்னு காரமா வர்ற அரிசி கேக்குல மீன் கேக்கும் கெடக்கும். கடைல "கோகி பே ஜுசேயோ"ன்னு சொன்னா கறி இல்லாம குடுங்கன்னு அர்த்தம், ஆனா அவங்க கணக்குல மீன் கறி இல்ல, அதத் தனியா கேக்கணும்.

சேஃபானது பிபிம்பாப், காய்கறி மேல வச்ச கலவை சாதம், கறி இல்லாம கேட்டு வாங்கி நல்லா பெசஞ்சு சாப்பிடணும், நாகரிகம் பாத்து ஓரமா கொத்தினா ருசியே வராது. முட்டை மேல வரும், வேணாம்னா முன்னாடியே சொல்லிடுங்க. இன்சாதோங் பக்கம் கோயில் சாப்பாடு போடுற கடைங்க உண்டு, புத்த கோயில் சமையல்ல கறி மீனும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது, எங்க ஜெயின் ஃப்ரெண்ட் அன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டா. விலை கொஞ்சம் கூடத்தான். தொட்டுக்க குட்டிக் குட்டி கிண்ணத்துல வர்றதெல்லாம் பான்சான், காசு கிடையாது, தீந்தா திரும்ப கேட்டா பெரும்பாலும் வைப்பாங்க. ரோட்டுக்கடைல ஹோத்தோக் வாங்குங்க, வெல்லப் பாகு மாதிரி உருகி உள்ள இருக்கும், நம்ம போளிக்கு தூரத்து சொந்தம், மொத கடிலயே நாக்கு சுடும்.

எல்லாத்துக்கும் மேல, பையில பருப்புப் பொடி வச்சுக்கோங்க. எந்தக் கடைலயும் சூடா சாதம் கிடைக்கும், வறுத்த கடல்பாசி ஷீட்டு பாக்கெட்டுல கிடைக்கும், பொடிய போட்டு அந்த ஷீட்டுல சுருட்டி சாப்பிட்டது எங்க டிரிப்போட தேசிய உணவு. கரண்டி, குச்சி ரெண்டும் இரும்புல வழுக்கும், சாதத்த கரண்டிலதான் சாப்பிடுவாங்க, அதனால கவலை வேணாம். ஹலால் வேணும்னா இதேவோன் பக்கம் பெரிய மசூதிய சுத்தி கடைங்க இருக்கு, ஆனா அது இந்த ரூட்ல வராது.

புக்சோன்ல ஃபோட்டோ எடுக்க எந்த ஸ்பாட் பெஸ்ட்?

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, அது செட்டு கிடையாது, ஜனங்க குடியிருக்கிற தெரு. கூட்டம் தாங்காம இப்ப முக்கியமான தெருக்கள்ல சாயங்காலம் 5-ல இருந்து காலைல 10 வரைக்கும் டூரிஸ்ட் வரவே கூடாதுன்னு வச்சிட்டாங்க, 2025 மார்ச்ல இருந்து மீறினா 1,00,000 வோன் ஃபைன். மஞ்ச ஜாக்கெட்டு போட்ட ஒருத்தர் "சத்தம் போடாதீங்க" போர்டு பிடிச்சு நிப்பாரு, எங்க கும்பலப் பாத்ததும் நேரா எங்க முன்னாடியே வந்து நின்னாரு. என்னத்த சொல்ல, நாங்க 14 பேர்.

வீடுங்களோட ஓட்டுக் கூரை வளைவும் மர வாசலும்தான் அழகு. கதவு தொறந்து வச்ச பொது ஹனோக் (பழைய பாணி கொரியன் வீடு) ஒண்ணுக்குள்ள போய் உக்காருங்க. நடுவுல முத்தம், முன்னாடி திண்ணை மாதிரி மரப்பலகைத் தரை, எனக்கு எங்க ஆயா வீடு ஞாபகம் வந்துருச்சு. வித்தியாசம் தரைக்கு அடில இருக்கு: அடுப்புல எரியுற சூட்ட கல்லுக்கு அடில ஓடவிட்டு அந்தப் பக்கம் புகைபோக்கில வெளிய விடுவாங்க, ஓந்தோல்னு பேரு. அதான் தரைலயே படுக்கிறாங்க, தரைலயே உக்காந்து சாப்பிடுறாங்க. இப்ப அப்பார்ட்மென்ட்ல கூட தரைக்கு அடில சுடுதண்ணி பைப்பு, எங்க ஹாஸ்டல்லயும் அதான், தொவச்ச சாக்ஸ தரைல போட்டா காலைல காஞ்சிரும்.

மரியாதை விஷயத்துல எதாவது தப்பு பண்ணிட்டா?

செருப்ப வெளிய விடுறது, பெரியவங்க கை வச்சப்புறம் சாப்பிடுறதெல்லாம் நமக்கு புதுசா என்ன. குடுக்குறதும் வாங்குறதும் ரெண்டு கையால. சாதத்துல குச்சிய நட்டு வைக்காதீங்க, அது செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி. டிப்ஸ் வேணாம். வயசு என்னன்னு பொசுக்குன்னு கேப்பாங்க, கோவப்படாதீங்க, உங்கள எப்படிக் கூப்பிடணும்னு தெரிஞ்சுக்கத்தான். காலேஜ்ல சீனியர சன்பேன்னு கூப்பிடுவாங்க, நீங்க என்ன அக்கான்னு கூப்பிடுறீங்கல்ல, அதேதான்.

ஓடை ஓரமா நடக்குறதுல என்ன இருக்கு?

சோங்கேசோன் சென்னைக்காரங்க கண்டிப்பா பாக்கணும். சாக்கடையாப் போன ஓடைய மூடி ரோடு போட்டு, அதுக்கும் மேல ஃப்ளைஓவர் கட்டி வச்சிருந்தாங்க. அத்தனையும் பேத்து எடுத்துட்டு 2005-ல ஓடைய திரும்பத் தொறந்தாங்க, கிட்டத்தட்ட 5.8 கிலோமீட்டர். கூவம் ஞாபகம் வந்து வயிறு எரியும். ஆனா ஒண்ணு, அது தானா ஓடுற தண்ணி இல்ல, ஹான் ஆத்துத் தண்ணியும் நிலத்தடித் தண்ணியும் மோட்டார் வச்சுத்தான் விடுறாங்க. ஷூவ கழட்டிட்டு கல்லு மேல உக்காந்து கால நனைங்க, அங்க எல்லாரும் அதத்தான் பண்றாங்க.

கே-பாப் எதுவும் இல்லையா?!

நாலு ஃபோட்டோ எடுக்குற பூத்து, காசு போட்டு பாடுற குட்டி ரூமு, ரெண்டும் தெருவுக்குத் தெரு இருக்கு. போற வழில போங்க, தனியா ப்ளான் வேணாம்.

எவ்ளோ செலவாகும்?

1,000 வோன் ஏறக்குறைய 60 ரூபா, போற அன்னைக்கு பாத்துக்கோங்க. எனக்கு அன்னைக்கு ஹன்போக்கோட சேத்து 60,000 வோனுக்குள்ள முடிஞ்சது, ஷாப்பிங் பண்ணா அது உங்க தலையெழுத்து.

மார்க்கெட்ல என்ன சாப்பிட? ராத்திரி திரும்புறது எப்படி?

குவாங்ஜாங் 1905-ல ஆரம்பிச்ச மார்க்கெட், பழைய துணிக்கடைங்களும் நடுவுல சாப்பாட்டுக் கடைங்களும். அங்க பேரு வாங்கினது பிந்தேத்தொக், பாசிப்பயற ஊற வச்சு கடை வாசல்லயே கல்லுல அரைச்சு எண்ணெயில முங்க விட்டு சுடுற அடை. ஆமா, அடையேதான். சில கடைல பன்னிக்கறி சேப்பாங்க, கேட்டுக்கோங்க. நான் பொடிய எடுத்து தொட்டு சாப்பிட்டேன், கடைக்கார ஆஜும்மா (நம்ம ஆன்ட்டி மாதிரி) கைய நீட்டி ஒரு சிட்டிகை வாங்கி வாயில போட்டுட்டு, கட்ட வெரல தூக்கிக் காட்டினாங்க.

திரும்ப சுலபம்தான், மார்க்கெட் வாசல்லயே ஜோங்னோ 5-கா ஸ்டேஷன், லைன் 1, மாறவே தேவையில்ல, நேரா சுவோன். ஆனா அந்த லைன் குரோ ஸ்டேஷன் தாண்டி ரெண்டாப் பிரியும், ஒண்ணு சுவோன் பக்கம், ஒண்ணு இஞ்சோன் பக்கம். ரெண்டும் ஒரே ப்ளாட்ஃபார்ம்ல, ஒரே நீலக் கலர்ல வரும். மூஞ்சில இருக்கிற போர்ட வாசிச்சுட்டு ஏறணும். எங்க பசங்க மூணு பேரு ஹங்குல் எதுக்குன்னு க்ளாஸ்ல தூங்கினவனுங்க, கதவு மூடப் போகுதுன்னு ஓடிப் போய் ஏறி, ஏறினதும் தூங்கிட்டானுங்க. கண்ண முழிச்சுப் பாத்தா இஞ்சோன் போற வழில இருக்கிற புப்யோங். நாங்க சுவோன் போய் சேந்து குளிச்சு முடிச்சு படுத்தப்புறம் குரூப்புல ஒரு மெசேஜ் வருது, "இங்க கடலு தெரியுமாடா, இறங்கவா வேணாமா"ன்னு.